கட்டாத கம்பு

பஸ்மினா இத்தாவுக்கு இருந்து இருபத்தாறாம் நாள், ஓர்கிட் கொடியின் நாலாவது மொட்டும் மஞ்சளாகி உதிர்ந்தது. ஏழில் மூன்றுதான் மிச்சம். உதிர்ந்ததைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கணவன் முனவ்வரின் ஜனாஸா வீட்டைவிட்டுப் போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

முனவ்வர் கீரிக் கடற்கரையிலிருந்து கண்டிக்கு மீன் லொறி ஓட்டியவர். நாலு வருடத்துக்கு முன் அங்கே பூஞ்செடி விற்கும் ஒருத்தியிடம் முழ நீளத் தண்டொன்றை வாங்கி வந்து, கிணற்றடியில் கம்பு நட்டுக் கட்டினார். கிணற்றுத் தண்ணீர் உவர். அது கொடிக்கு ஆகாதென்று மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றினார். மனுசருக்கே நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் கொடிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். நுனி கம்பின் உச்சியைத் தொடும்போதெல்லாம், பிடிக்க ஒன்றுமில்லாமல் தவிக்கிறதே என்று மேலே இன்னொரு கம்பைக் கட்டிவிடுவார். கொடி ஆளுயரம் தாண்டியது. பூ மட்டும் வரவில்லை.

பிறகு நெஞ்சு வருத்தம் அவரைப் பாயில் போட்டது. படுத்துக் கிடந்த மூன்று மாதமும் காலையில் ஒரே கேள்விதான்.

"கொடிக்குக் கம்பு கட்டினியா?"

"ஓம்" என்பாள். மருந்து, கஞ்சி, ஈரத் துணி என்று நின்ற இடத்தில் சுழன்றவளுக்குக் கம்பா நினைவில் நிற்கும்? அவள் கட்டவே இல்லை. மௌத்தான அன்றும் கேட்டார். அன்றும் ஓம் என்றாள்.

நாலாம் நாள் குசினி யன்னலால் பார்த்தபோது, கம்புக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த நுனியில் ஒரு பூந்தண்டு தெரிந்தது. கண்டிக்காரிக்குப் போன் எடுத்தாள்.

"இந்தச் சாதிக் கொடி, தலை கம்பத் தாண்டி வெயில்ல ஆடினாத்தான் பூக்கும்மா. கம்ப நீட்டிக்கிட்டே போனா அதுவும் ஏறிக்கிட்டே போகும்" என்றாள் அவள்.

பஸ்மினா போனை வைத்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டாள். தான் சொன்ன பொய்யால்தான் பூ வந்திருக்கிறது. ஒரு பூவாவது விரியட்டும், இல்லாவிட்டால் அந்தப் பொய் வெறும் பொய்யாகவே போய்விடும் என்று கிடந்து தவித்தாள்.

பக்கத்து வீட்டில் மாடி கட்டினார்கள். மேலே நிற்கும் மேசன்மாருக்குக் கிணற்றடி முழுக்கத் தெரியும். இவளோ, இத்தா என்பதால், நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவளுடைய கூடப்பிறந்த நானா ஜமால்தீன் நீலத் தறப்பாளால் மூடப் பார்த்தார். குசினிக் கூரையிலிருந்து கிணற்றுக்கு அப்பால்வரை இழுத்துக் கட்டினார். கொடி அதன் அடியில் அகப்பட்டது. வெயில் இல்லாமல் மொட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுத்தன.

"நானா, அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கழட்டுங்கோ. மொட்டெல்லாம் கொட்டுது."

"மச்சான் மௌத்தாகி ஒரு மாசம் ஆகேல்லை. நீ பூவைப் பற்றிக் கதைக்கிறாய். சனம் என்ன சொல்லும்?"

ஐந்தாவதும் ஆறாவதும் விழுந்தன. மறுநாள் மேசன்மார் பகல் சாப்பாட்டுக்குப் போனதும், மீன் வெட்டும் கத்தியோடு கதிரையில் ஏறி, கொடிக்கு நேர் மேலே தறப்பாளைக் கிழித்தாள். வெயில் பொத்தென்று உள்ளே விழுந்தது. அதன் பிறகு பகலில் கிணற்றடிப் பக்கமே போகாமல், யன்னலோடு ஒட்டி நின்று அந்த ஒற்றை மொட்டைக் காவல் காத்தாள். ஐந்து நேரத் தொழுகையிலும் அதற்காகத் துஆ கேட்டாள்.

பத்தாம் நாள் அது விரிந்தது. நல்ல ஊதா.

அன்று பின்னேரம், வேலைக்காரர் போன பிறகு ஜமால்தீன் வந்தார். கிழிசலைக் கண்டு முகம் கறுத்தது. ஏச வாயெடுத்தவரின் கண்ணில் பூ பட்டது. பிறகு, முனவ்வர் சீவிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்த கம்பை எடுத்து வந்தார்.

"மச்சான் இருந்தா இதைத்தான் முதல்ல செய்திருப்பார். நான் கட்டிவிடுறன்."

பஸ்மினா ஓடி வந்து கம்பைப் பிடித்தாள்.

"கட்டாதீங்கோ நானா. அவர் கட்டக் கட்டத்தான் இது பூக்கேல்லை. கடைசி நாளும் கேட்டவர், கட்டினியா எண்டு. ஓம் எண்டு பொய் சொன்னனான்." அவள் கம்பை விடவில்லை. "இதை இனி நான் ஆரிட்டச் சொல்லி மாப்புக் கேக்கிறது?"