மாமாவின் பெயரில் எழுதிய துண்டு

உயிரோடிருந்த என் மாமனாரை நான் ஒரு மலர்ச்சாலைக்காரருக்குச் சிபாரிசு செய்தேன். எழுத்து மூலமாக. இருபது பேருக்குமேல் கைதட்டினார்கள்.

இதை எந்தப் பக்கமிருந்து சொன்னாலும் அழகாக வராது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இதை எழுத உட்காருவதற்கு முன் என் மனைவியிடமும் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பது இங்கே தேவையில்லை.

நான் பதுளையில் பைப் பாஸ். எங்கள் ஊரில் கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் பாஸ்தான்: மேசன் பாஸ், தச்சு பாஸ், கரண்ட் பாஸ். மரியாதையான சொல். அது எனக்குப் போதவில்லை. அதற்குக் காரணம் நகரத்து வாசிகசாலை. குழாய் மாட்டப் போன இடத்தில் அங்கத்தவனாகி, இரண்டு அலுமாரிப் புத்தகங்களைப் படித்து முடித்திருந்தேன். அவ்வளவு படித்த ஒருவன் மற்றவர் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பது உலகத்தின் குறை என்று நம்பினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் உலகம் அந்தக் குறையைத் திருத்த முன்வந்தது. ஹார்ட்வெயர் கடை முதலாளி ஒருவர் கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, பதுளையில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு மாதாந்தச் சந்திப்பைத் தொடங்கி, அதற்குத் தலைவரும் ஆனார். மாதத்தின் முதல் செவ்வாய், காலை ஏழு மணி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலின் மேல்மாடி. பாண், பருப்பு, கட்டைச் சம்பல், தேத்தண்ணி. ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டுமே. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே என்னை 'சேர்' என்றார்கள். பைப் பாஸ் ஒருவனை 'சேர்' என்று கூப்பிட்டால் அவன் எதையும் செய்வான்.

உடனே விசிட்டிங் கார்ட் அடித்தேன். 'நீர்க்குழாய் அமைப்பு ஆலோசகர்' என்று போட்டிருந்தேன். என் மனைவி அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"கக்கூஸ் அடைப்பு எடுப்பாருன்னு போட்டாலாவது நாலு பேரு வருவாங்க," என்றாள்.

சந்திப்பின் உயிர்நாடி துண்டு. சிவப்புத் தாளில் அச்சடித்த சிறிய படிவம். நமக்குத் தெரிந்த ஒருவருக்கு இன்னோர் அங்கத்தவரின் சேவை தேவைப்பட்டால், அவருடைய பெயரையும் இடத்தையும் எழுதி, எழுந்து நின்று கொடுக்க வேண்டும். சபை கைதட்டும். படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள்: உடனடியாக, ஒரு மாதத்துக்குள், பின்னர். தேவை எவ்வளவு அவசரம் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். துண்டு கிடைத்தவர் ஒரு வாரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அது முடியும்வரை என்ன ஆயிற்று என்று தலைவர் ஒவ்வொரு மாதமும் கேட்பார். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குத் துண்டு கொண்டுவராதவருடைய நாற்காலி வேறொருவருக்குப் போகும்.

என் சிக்கல் அதில்தான். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயங்களில், இருந்தார்கள். அவர்களுக்குக் காப்புறுதி வேண்டாம், கணினி வகுப்பு வேண்டாம், கல்யாண வீடியோவுக்கு ட்ரோலி கெமரா வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது லயத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அதற்கான ஆள் நானே. எனக்கு நானே துண்டு எழுதுவதை விதிகள் அனுமதிக்கவில்லை. இரண்டு கூட்டம் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். என் நாற்காலிக்கு இன்னொரு பைப் பாஸ் காத்திருப்பதாகவும் காதில் விழுந்தது.

அந்தச் சபையில் ஒரே ஒருவருக்குத்தான் அதுவரை எந்தத் துண்டும் கிடைத்திருக்கவில்லை. அவர் மலர்ச்சாலைக்காரர். பூக்கடை அல்ல, இறந்தவருக்குப் பெட்டி கொடுத்து, உடலைப் பக்குவம் செய்து, வண்டி அனுப்பும் இடம். ஐம்பது வயதைக் கடந்தவர், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. தனக்குரிய நிமிடத்தில் பாதியைக்கூட அவர் எடுத்துக்கொள்வதில்லை. "மலர்ச்சாலை வச்சிருக்கேன். யாருக்கும் தேவைப்படாம இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உட்காருவார். எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி, பிந்தி வருகிறவருக்காக எப்போதும் காலியாக இருக்கும்.

ஆனால் அதிகமாகத் துண்டு கொடுத்தவர் அவர்தான். ஒரு சாவு வீட்டுக்குப் பந்தல் வேண்டும், நாற்காலி வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும், வேன் வேண்டும். அச்சகத்துக்காரரும் வேன்காரரும் அவரிடம் துண்டு வாங்கிக்கொண்டு, அவரிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். நானும்தான். உடல் வைத்திருந்த ஒரு வீட்டில் குழாய் வெடித்தபோது என்னை அழைத்தவர் அவரே.

மூன்றாவது கூட்டத்துக்கு முந்திய வாரம் மாமா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

மாமா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் காலமெல்லாம் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கம் நின்றவர். ஆறடி உயரம். பேச்சில் அதைவிட உயரம். பெண் கேட்டுப் போன நாளில் என் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையி வேல செய்யும் போலதான் இருக்கு. வாயிதான் ஜாஸ்தி" என்று சொல்லிப் பெண் கொடுத்தவர். இப்போது நெஞ்சில் நீர் கோத்து, மூச்சை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"நிச்சயமாச் சொல்ல ஏலாது. எண்டாலும் ஆக்களுக்குச் சொல்லி வச்சிருங்கோ," என்றார்.

அது திங்கட்கிழமை மாலை. செவ்வாய் காலை ஏழு மணிக்கு மேல்மாடியில் என் முன்னால் ஒரு சிவப்புத் துண்டு வெறுமையாகக் கிடந்தது. தலைவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நான்கு பேர், பிறகு மூன்று பேர். நான் பேனாவை எடுத்தேன். மாமாவின் பெயரை எழுதினேன். வார்டையும் கட்டிலின் எண்ணையும் எழுதினேன். எனக்குள் இருந்த மனிதத்தன்மை முழுவதும் அந்த மூன்று கட்டங்களுக்கு மேல்தான் வேலை செய்தது. 'உடனடியாக' என்பதில் கோடு போட மனம் வரவில்லை. 'ஒரு மாதத்துக்குள்' என்பதில் போட்டேன்.

"மாஷா அல்லாஹ், இன்டக்கி சேர்ட கையிலயும் ஒண்டு ஈக்குது!" என்றார் தலைவர். "ஆருக்கு?"

நான் எழுந்து போய் மலர்ச்சாலைக்காரரிடம் கொடுத்தேன். சபை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, அவருக்குக் கிடைத்த முதல் துண்டல்லவா, பலமாகக் கைதட்டினார்கள். அவர் மட்டும் கைதட்டவில்லை. துண்டை இரண்டு முறை படித்தார்.

தேத்தண்ணி நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வார்டு போட்டிருக்கு. ஆளு உசுரோட இருக்காரா?"

"இருக்காருண்ணே."

"உங்களுக்கு யாரு?"

"தெரிஞ்சவரு," என்றேன்.

என் நாற்காலி தப்பியது. படியில் இறங்கும்போதுதான் மற்ற விதி ஞாபகம் வந்தது. ஒரு வாரத்துக்குள் அவர் போய்ப் பார்ப்பார். விதிகளை அந்தச் சபையில் முழுதாக மதித்தவர் அவர் ஒருவரே. துண்டில் இருப்பது என் கையெழுத்து. ஒரு நாற்காலிக்காக மருமகன் தன்னைப் பெட்டிக்காரனிடம் எழுதிக் கொடுத்தான் என்று தெரிந்து மாமா கண்ணை மூடக் கூடாது. அந்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் இதுதான். மாமா பிழைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் வேண்டிக்கொண்டேன். அந்த வரிசையை இன்றுவரை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

வியாழன் மாலை நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு மனைவியோடு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது. மேசையில் நாலு அப்பிள். மாமா தலையணையில் சாய்ந்து, பல நாட்களுக்குப் பிறகு முழு வசனங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. இந்தத் தம்பி உங்க கூட்டத்து ஆளாமே? அவரும் லயத்துல பொறந்தவருதானாம்."

மலர்ச்சாலைக்காரர் என்னைப் பார்த்தார். "தெரிஞ்சவரு" என்று நான் சொன்னது அவர் கண்ணில் வந்து போனது. "ஆமாங்க, ஒண்ணாத்தான் இருக்கோம்," என்றார்.

"அண்ணனுக்கு என்ன தொழில்ங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

நான் சேலைன் போத்தலில் சொட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

"மலர்ச்சாலை வச்சிருக்காரும்மா," என்றார் மாமா. "ஏன் அப்பிடிப் பாக்குற? வர்றவன் எல்லாம் நாளைக்கு வீட்டுக்குப் போயிறலாம்னு பொய் சொல்றான். இவரு ஒருத்தருதான் நேரா பேசுறாரு." மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேனே தம்பி, இவ ஆயியோட பெட்டி. இவளுக்கு ஞாபகம் இருக்கும்."

என் மனைவி தலையைக் குனிந்தாள். எனக்கும் ஞாபகம் இருந்தது. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் பெட்டி தோட்டத்திலிருந்தே வரும். அத்தைக்கு, என் மாமியாருக்கு, வந்த பெட்டி கட்டையாக இருந்தது. அடக்க நேரம் ஆகிவிட்டதால் முழங்காலை மடக்கித்தான் வைத்தார்கள். மாமா அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு வருடமாக அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

"அவளே அஞ்சடிதான் இருப்பா," என்றார். "நான் அவள விட ஒசரம். தோட்டத்துப் பெட்டியில என்னைய எத்தன மடிப்பா மடிப்பாங்களோ."

மலர்ச்சாலைக்காரர் அளவு நாடாவை எடுக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை ஒருமுறை மட்டும் பார்த்தார், நான் குழாயின் அளவைப் பார்ப்பதுபோல.

"ஆறடி நாலு அங்குலம் போட்டுருவோம்ங்க. தாராளமா இருக்கும்."

"அது போதும்," என்றார் மாமா. அப்பிளில் ஒன்றை நறுக்கித் தரச் சொன்னார்.

பஸ்ஸில் மனைவி, "அவரு எப்படி அப்பாவத் தேடி வந்தாரு?" என்று கேட்டாள். நோயாளிகளைப் பார்ப்பது அவருக்கு ஒரு தருமம் என்றேன். அவள் நம்பினாள். அன்றிலிருந்து அவரைப் புகழ்ந்தே பேசினாள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் நான் தலையாட்ட வேண்டியிருந்தது.

மாமா பிழைத்துக்கொண்டார். தோட்டத்துக்குத் திரும்பி, லயத்து வாசலில் வெயில் காய்ந்தார். வேலையாக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மலர்ச்சாலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். எனக்கு இதனால் வந்த தண்டனை மேல்மாடியில் நடந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர் தன் புத்தகத்தைப் புரட்டி, "சேர் குடுத்த துண்டு என்னாச்சி?" என்று கேட்பார்.

"இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்," என்பார் மலர்ச்சாலைக்காரர்.

"வுட்டுறாதீங்க. நல்ல ஆள் போல ஈக்குது."

ஏழு மாதம் இப்படிப் போனது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் மாமனார் இன்னும் இறக்கவில்லை என்ற அறிக்கையை ஏழு முறை கேட்டேன். அவர் உயிரோடிருப்பது எனக்கு வந்த நிம்மதியா, என் துண்டுக்கு வந்த தோல்வியா என்று அந்தச் சபையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது.

எட்டாவது மாதத்தின் தொடக்கத்தில் மாமா தூக்கத்தில் போனார். தகவல் சொல்லப் போனபோது பெட்டி தயாராக இருந்தது. மலர்ச்சாலைக்காரரே வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்தார். லயத்துக்குள் வண்டி போகாது. கடைசி வளைவிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். உள்ளே கிடத்தியபோது மாமாவின் பாதங்களுக்கும் பலகைக்கும் நடுவில் இடம் இருந்தது. என் மனைவி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"கால நீட்டிப் படுத்திருக்காருங்க," என்றாள் என்னிடம். அன்று முழுக்க அதை வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கேவலமான காரியத்தின் பலன் அந்த நாலு அங்குலம். அதற்கு நன்றி சொல்லவும் முடியவில்லை, மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போக எனக்கு மனமில்லை. சந்திப்பில் இன்னொரு வழக்கமும் உண்டு: துண்டு நல்லபடியாக முடிந்தால், வாங்கியவர் எழுந்து கொடுத்தவருக்கு நன்றி சொல்வார், சபை எழுந்து நின்று கைதட்டும். போகாவிட்டால் நான் இல்லாத இடத்தில் அது நடக்கும். போனேன்.

"சேர் குடுத்த துண்டு?"

மலர்ச்சாலைக்காரர் எழுந்தார். "முடிஞ்சிருச்சு," என்றார். நாற்காலிகள் நகரத் தொடங்கின. அவர் கையை உயர்த்தினார். "கைதட்ட வேணாம். உட்காருங்க."

யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்கள். அந்த மனிதர் முதன்முறையாக ஒன்று கேட்டிருந்தார்.

படியில் அவரைப் பிடித்தேன். என் மானத்தைக் காப்பாற்றியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்றேன். என்னை முழுதாகப் பேசவிட்டார்.

"நான் என்னங்க காப்பாத்துனேன். மொத நாளே 'யாரு அனுப்புனா'ன்னு கேட்டாரு. சாகப்போறவருகிட்ட பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. துண்ட எடுத்துக் குடுத்தேன்."

"படிச்சாரா?"

"கண்ணாடியப் போட்டுப் படிச்சாரு. நீங்க எந்தக் கட்டத்துல கோடு போட்டிருந்தீங்கன்னும் பாத்தாரு. நல்லா சிரிச்சாரு. உங்ககிட்டயோ மககிட்டயோ காட்டிக்க வேணாம்னு சொல்லிட்டாரு."

"கைதட்ட வேணாம்னு நீங்க சொன்னது..."

"அதுவும் அவரு சொன்னதுதான் பாஸ். 'எல்லாம் முடிஞ்சப்புறம் எங்க மாப்பிள்ளைக்குக் கைதட்ட மட்டும் விட்டுறாதீங்க தம்பி. ருசி கண்டுட்டாருன்னா சொந்தக்காரன் ஒருத்தனையும் மிச்சம் வைக்க மாட்டாரு'ன்னாரு."