புறாவுக்கு அடைவைத்த ரப்பர் கொட்டைகள்

செல்லம்மா போய்விட்டாள் என்ற செய்தி, கருமாதியும் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. ரப்பர் தோட்டத்திலிருந்து, நான் இப்போது இருக்கும் ராசா ஊருக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் சொன்னார். "காய்ச்சல்தாம்மா. மருந்துக்கு எங்க போறது? அவ உடம்புலயும் ஒண்ணுமில்ல." அந்தக் கடைசிப் பேச்சைத் தாண்டி என்னால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. லயத்து வீட்டு வரிசையில் அவளோடு வாழ்ந்த உங்களுக்குத் தாமதமாக எழுதுகிறேன். தண்டல் படித்துக் காட்டுவார்.

தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீட்டு அம்மாவுக்கும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கும் செல்லம்மாவுக்கும் என்ன பழக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் இருவரின் கணவர்களையும் ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஒரே லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனான். லாரியில் ஏறும்போது என் கணவர் குழந்தையைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. "ராஜாவைப் பார்த்துக்கொள்" என்றார். ராஜா, அவர் குஞ்சிலிருந்து வளர்த்த மணிப்புறா. அது உயிரோடு இருக்கும்வரை அவரும் இருப்பார் என்று எப்படியோ என் மனதில் பதிந்துவிட்டது. கல்லூரியில் படித்தவள்தான் நான். இருந்தும் அந்த எண்ணத்தை உதற முடியவில்லை.

அவர் போன சில வாரங்களில் புறாவின் போக்கு மாறியது. என் கையைக் கண்டால் கழுத்தை உப்பிக்கொண்டு குனிந்து குனிந்து கூவும். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவித் தன் கூண்டுப் பெட்டிக்குள் இழுத்துப் போடும். குழந்தையை மடியில் எடுத்தால் பறந்துவந்து அவள் கன்னத்தைக் கொத்தும். அவரைத் தேடுகிறது போலும் என்று இரங்கி, முன்னிலும் அதிகமாக அதன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொத்துவது கூடியதே தவிர குறையவில்லை. பிறகு ஒரு காலையில் பெட்டிக்குள் ஒரு முட்டை கிடந்தது.

சயாமிலிருந்து சேதி உண்டா என்று கேட்கப் பின்வாசலுக்கு வந்த செல்லம்மாவிடம்தான் காட்டினேன். தன் கைக்குழந்தையைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாத அவள், அன்றுதான் சிரித்தாள்.

"ராஜாவா இது? ஆம்பளன்னு யாரு சொன்னா?"

"அவர்தான்."

"அவருக்குச் செக்ரோல்ல பேர் எழுதத் தெரியும்லா. புறா தெரியுமா?"

முதுகைத் தடவினால் என்னைத் துணை என்று எண்ணிக்கொள்ளுமாம்; அதனால்தான் குழந்தையை விரட்டுகிறதாம். தலையை மட்டும் தொடுங்கள், பொழுது சாயும் முன்பே கூண்டைத் துணியால் மூடுங்கள் என்றாள். அப்படியே செய்தேன். கொத்துவது அடங்கியது.

ஒன்றை மட்டும் அவளிடம் மறைத்தேன். எனக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. மரவள்ளிக் கஞ்சியைத் தவிரக் குழந்தைக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை. அதனால் அந்த முட்டையை அவித்துக் கொடுத்தேன். புறா மறுபடியும் இட்டது. அதையும் எடுத்தேன். எடுக்க எடுக்க இட்டதால், நமக்கும் ஒரு நல்ல காலம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அது நிற்க மாட்டாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது. செல்லம்மாவைக் கூப்பிட்டேன். அதன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை எடுத்தீர்கள் என்றாள். சொன்னேன். அவள் திட்டவில்லை.

"எடுக்க எடுக்கப் போடும் கிராணியம்மா. நிறுத்தத் தெரியாது அதுக்கு."

வெளியே போய் மரத்தடியில் இரண்டு ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி, கைலியில் துடைத்து, புறாவின் வயிற்றுக்கடியில் வைத்தாள். அது கொஞ்சம் நகர்ந்து, அலகால் அவற்றை உள்ளே தள்ளி, அடைகாக்கத் தொடங்கியது. இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். பிறகுதான், இனி பாப்பாவுக்கு என்ன கொடுப்பேன் என்று கேட்டேன்.

 அவள் ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது.

"எனக்கு இன்னும் ஊறுது. பிள்ளையக் குடுங்க."

கொடுத்தேன். கொடுக்கும்போதே, லயத்தில் யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொல்லி என்ன ஆகப்போவுது" என்று மட்டும் சொன்னாள். என் அண்ணன் வந்து எங்களை ராசாவுக்கு அழைத்துப்போகும்வரை, தினமும் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்து முடிந்ததும் பின்வாசல் வழியாக வந்தாள். அவள் சாப்பிட்டதும் அதே மரவள்ளிதான். கிடைத்த நாளில் ஒரு பிடி சோறு வைத்தேன். அதையும் பாதி பாப்பாவுக்கு ஊட்டுவாள். அவள் கழுத்தெலும்பு துருத்தி நின்றது என் கண்ணில் பட்டதா, படாததுபோல் இருந்துவிட்டேனா? இப்போது தெரியவில்லை.

காய்ச்சலென்று தண்டல் சொல்கிறார். தோட்டத்தில் காய்ச்சலில் போனவர்கள் எத்தனையோ பேர், அதுவே உண்மையாக இருக்கலாம். நிறுத்தத் தெரியாது என்று புறாவைப் பற்றி அவள் சொன்னது நினைவுக்கு வரும்போது அப்படித் தோன்றவில்லை. பாப்பா சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்க்கும்போது, அன்று கொடுக்காமல் இருந்திருப்பேனா என்றும் தெரியவில்லை. அவரைப் பற்றி இன்னும் சேதியில்லை. புறா இருக்கிறது.

அந்த இரண்டு கொட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. இங்கே வந்தும் புறா ஈர்க்கு பொறுக்கியபோது அவற்றையே வைத்தேன். அடைகாத்து அடைகாத்து மெருகேறிவிட்டன. செல்லம்மா தந்தவற்றில், எடுத்துக் காட்டக்கூடியது அவ்வளவுதான். மற்றதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். என் மகள் அவள் பால் குடித்துப் பிழைத்தவள். இந்த வரியை மட்டும் லயம் முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிக்கச் சொல்லி தண்டலிடம் கேட்டிருக்கிறேன்.