பஞ்சவர்ணமும் கண்ணில்லாத பாம்புக்குட்டியும்

பஞ்சவர்ணம் அமீரகத்தின் அல் ஐன் நகருக்கு வீட்டு வேலைக்கு வந்து மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. பரமக்குடிப் பக்கத்துக்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு வாய் திறக்காது. கண் மட்டும் ஓயாது. வீட்டம்மா காரிலிருந்து இறங்கி செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே, இன்றைக்கு டீயில் சர்க்கரை கூடவா குறைவா என்று தெரிந்துகொள்வாள்.

2006இல் ஒரு நாள், யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்த வீட்டம்மாவின் கடைசி மகள் ஷம்மா ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினாள்.

"பஞ்சு, யல்லா! ஷூஃபி, ஷூஃபி!" வா, பார், பார் என்று அவள் இழுத்த இழுப்பில் பஞ்சவர்ணம் கையிலிருந்த துணியோடு போய் நின்றாள்.

உள்ளே ஒரு பாம்புக்குட்டி. பென்சில் தடிமன்கூட இல்லை. செம்மஞ்சள் உடம்பில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக வரைந்திருந்தது. விஷமில்லாத ஜாதி, அமெரிக்கப் பாம்பு, வீட்டில் வளர்ப்பது.

"ஆங்க் மாஃபி," என்றாள் ஷம்மா, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி. கண் இல்லையாம். அரபியும் இந்தியும் கலந்த அந்தப் பேச்சுதான் இருவருக்கும் நடுவே ஓடும்.

பஞ்சவர்ணம் குனிந்து பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று செதில் மூடியிருந்தது. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே அப்படித்தானாம். யாரும் வாங்க மாட்டார்கள் என்று பிராணி விற்கிற கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார். பஞ்சவர்ணத்தின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

டிரைவர் ராக்கப்பன் சிரித்தான். அவன் சிவகங்கைப் பக்கம். "ஏக்கா, நம்ம ஊர்ல பாம்பக் கண்டா கம்பத் தேடுவோம். இங்க ஏசி போட்டு வளக்குறாக. நமக்குக்கூட ரூம்ல ஏசி ஒழுங்கா ஓடல."

"வாயக் கழுவுடா. சாமிய அப்படிப் பேசாத."

"அமெரிக்கச் சாமிக்கா இது. தமிழ்ல கும்பிட்டா புரியாது."

ஷம்மாவின் அறையில் தொட்டியை வைத்தார்கள். தண்ணீர் மாற்றுவதும் தாள் மாற்றுவதும் பஞ்சவர்ணத்தின் வேலையாயிற்று. சாப்பாடு ஷம்மா பார்த்துக்கொண்டாள். கடையில் உறைய வைத்து விற்கிற, பிறந்த அன்றைய எலிக்குட்டி, சுண்டுவிரல் நுனி அளவு. அதை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டுவாள். பாம்பு சுருண்டபடியே கிடக்கும். எலி மேலே பட்டால் தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. முதுகில் எலும்பு வரி தெரிய ஆரம்பித்தது. மிருக டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த வாரப் புதன்கிழமைவரை பார்க்கலாம், அதற்குள் தின்னாவிட்டால் ஊசி போட்டுவிடுவதுதான் புண்ணியம், பட்டினியில் வதைய விட வேண்டாம் என்றார். ஷம்மா அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த வீட்டில் தினமும் சாயங்காலத் தொழுகை முடிந்ததும் பகூர் போடுவார்கள். புகைச்சட்டியில் கரி கனன்றதும் அகில் கட்டைச் சில்லுகளை அதன்மேல் வைத்து, அறை அறையாகக் காட்டி வருவது அவள் பொறுப்பு. மெத்தை, திரை, மாட்டியிருக்கும் அபாயா அங்கி எல்லாவற்றிலும் புகை ஏற வேண்டும். வந்த விருந்தாளி வாசலிலேயே மூச்சை இழுத்து மெச்ச வேண்டும். வீட்டம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. ஷம்மாவின் அறைக்கு வரும்போது பஞ்சவர்ணம் தொட்டியின் முன்னால் நின்று, சாம்பிராணி காட்டுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றுவாள். வலை மூடி வழியாகப் புகை உள்ளே இறங்கும். "நல்லாச் சாப்புடு தாயி," என்று முணுமுணுப்பாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, வீடே அபுதாபியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியது. நான்கு நாள். யாரும் இல்லாத வீட்டுக்குப் பகூர் எதற்கு? பஞ்சவர்ணம் கரி பற்ற வைக்கவில்லை.

இரண்டாம் நாள் பகலில் தண்ணீர் மாற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். குட்டி தலையை வெளியே நீட்டியிருந்தது. வாயோரத்திலிருந்து கறுத்த நூல்போல ஒரு நாக்கு வந்தது. நுனி இரண்டாகப் பிரிந்து காற்றை மேலும் கீழும் தடவிவிட்டு உள்ளே போனது. மறுபடி வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் நகர்ந்து, வலைமூடியின்மேல் விரலை வைத்தாள். தலை இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் வைத்தாள். நாக்கு இரண்டு முறை துழாவியது. தலை வலப்பக்கம் வந்து, நேராக அவள் விரலுக்குக் கீழே நின்றது.

கண் உள்ளவர்கள் எத்தனையோ பேர் அவள் நீட்டுகிற தட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இது அவளைத் தேடிக் கண்டுபிடித்தது.

மறுநாளும் வேலைக்கு நடுவே போய்ப் போய்ப் பார்த்தாள். குட்டி தொட்டி முழுக்க ஊர்ந்தது. போகிற இடத்தையெல்லாம் நாக்கு முதலில் தொட்டது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் திரும்பினார்கள். சாயங்காலம் புகைச்சட்டியோடு வந்து வழக்கம்போல மூன்று சுற்றுச் சுற்றினாள். நீட்டியிருந்த நாக்கு சட்டென்று உள்ளே போனது. தலை சுருளுக்குள் புதைந்தது. அதற்குப் பிறகு அசைவே இல்லை.

நாக்குதான் அதற்குக் கண்; அதைத்தான் புகை அடைத்திருக்கிறது. மூன்று வாரமாக அதன் கண்ணைக் கட்டிப் போட்டது யார்?

காலையில் கார் கழுவிக்கொண்டிருந்த ராக்கப்பனிடம் சொன்னாள்.

"பேசாம இருக்கா. நாந்தான் கெடுத்தேன்னு நீயே போய்ச் சொல்லுவியா? டிக்கெட் எடுத்துக் கையில குடுத்துருவாக."

"பொதன்கிழம ஊசிடா."

"பாம்புக்குத்தான ஊசி. ஒனக்கா?"

அவள் உள்ளே போனாள். ஷம்மாவின் அறை வாசலில் நின்றாள். நிமிர்ந்து பார்த்த ஷம்மாவிடம், "மேரா கல்தி," என்றாள். என் தப்பு. பிறகு வார்த்தை கிடைக்கவில்லை. நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினாள், கண்ணைத் தொட்டாள். "ஸேம் ஸேம்." புகைச்சட்டியைச் சுற்றுவதுபோலக் கையை மூன்று முறை சுற்றி, அதே கையால் தன் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டாள்.

ஷம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

பாம்புக்காக வீட்டை மணமில்லாமல் போட முடியாது என்று வீட்டம்மா சொல்லிவிட்டார். "என் ரூம்ல வச்சுக்கிறேன்," என்று பஞ்சவர்ணம் கையைக் காட்டிச் சொன்னாள். சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டில் போடுகிற இடம். தொட்டி அங்கே வந்தது. அன்றிலிருந்து அவள் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பவுடர் போடவில்லை, டெட்டாலைத் தொடவில்லை. சுவரில் இருந்த முருகன் படத்துக்கு ஊதுபத்தியையும் நிறுத்தினாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கப்பா," என்று படத்திடம் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் நாக்கு எட்டிப் பார்த்தது.

செவ்வாய் மத்தியானம் ஷம்மா பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்து, இளக்கிய எலிக்குட்டியைத் தாளின்மேல் வைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். குட்டி வந்தது. நாக்கு இடம் பார்த்தது, வலம் பார்த்தது. எலியைத் தாண்டிப் போனது. பஞ்சவர்ணம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். போன தலை நின்று, திரும்பி, அதே வழியில் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே வந்து எலியின் மூக்கருகில் நின்றது. பிறகு அந்தத் துளி வாய் திறந்தது. தன் தலையைவிடப் பெரிதாகத் திறந்தது.

ஷம்மா போட்ட சத்தத்தில் வீட்டம்மாவே வந்துவிட்டார். அவரோடு அகில் வாசமும் வந்தது. விழுங்குவது பாதியில் நின்றது.

பஞ்சவர்ணம் தெரியாமல் கையை உயர்த்திவிட்டாள். நில் என்று. அந்த வீட்டில் யாரிடமும் அவள் கை உயர்ந்ததில்லை. உயர்த்திய பிறகு அதை இறக்கவும் தெரியவில்லை.

வீட்டம்மா அவளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். அபாயாவின் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இரண்டு அடி பின்னால் போய், சமையலறைக் கதவோரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து எலி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. தொண்டை விரிந்து செதில்கள் விலகி, நடுவே வெள்ளைத் தோல் தெரிந்தது. வால் நுனியும் மறைந்தது. கழுத்திலிருந்து ஒரு புடைப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போனதை மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாஷா அல்லாஹ்," என்றார் வீட்டம்மா, கதவோரத்திலிருந்தே, தணிந்த குரலில்.