கொட்டிலில் வெட்டிய மணி

மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த ஃபியோர்டுக் கரையில் இருந்த அந்தச் சின்னத் தொலைபேசி நிலையத்தில், ஒரே நேரத்தில் எத்தனை வீட்டு மணி அடிக்கலாம் என்று கணக்குப் போடுவது டோர்டிஸின் வேலை. மணி அடிக்கவைக்கும் இயந்திரத்துக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் பாரம் ஏற்றினால் ஒன்றும் அடிக்காது. மலையடியில் முப்பது வீடு. பனிச்சரிவு வந்தால் முப்பதையும் ஒரே விசையில் எழுப்ப வேண்டும். வீட்டுக்கு ஒரு மணி, மேலும் பத்து கையிருப்புக்கு. நாற்பது மணிக்கான இயந்திரம் போதும் என்று எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு ஒரு மணி என்பது சட்டம். ஊரோ போன் இருக்கும் சமையலறையில் ஒன்று, மாட்டுக் கொட்டிலில் ஒன்று, படகுக் கொட்டகையில் ஒன்று என்று திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்து மாட்டியிருந்தது. அது அவளுக்குத் தெரியாதா? அவள் பிறந்த வீட்டுக் கொட்டிலிலேயே ஒன்று இருந்தது. தெரிந்தும் படிவத்தில் ஒன்று என்றே எழுதினாள். அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டாள், மகராசி! போன ஞாயிறு, அங்கே தனியாக இருக்கும் தம்பி எய்லிஃப் கத்தக் கத்த, கொட்டில் மணியை வெட்டியும் எடுத்தாள்.

“ஊரே வச்சிருக்கு, நான் மட்டும் இளிச்சவாயனாக்கா?”

“என் தம்பி வீட்லயே திருட்டு மணின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலைக்குப் போறது?”

செவ்வாய் காலை ஏழு மணிக்கு, மலை மேலே பனி வெடிப்பு விட்டிருப்பதாகத் தகவல் வந்தது. விசையைத் தட்டினாள். இயந்திரம் முனகி அடங்கியது. ஒரு வீட்டிலும் போனை எடுக்கவில்லை.

“என்னங்க, ஒருத்தர்கூட எடுக்கலையே!” என்றான் மெக்கானிக் ஹால்வார்ட்.

டோர்டிஸ் திரும்பிக் கத்தினாள். “முப்பது இல்ல ஹால்வார்ட், தொண்ணூறு மணி! எல்லாம் சேர்ந்து இழுக்குது. அஞ்சஞ்சு வீடா போடு!”

மணி அடித்தது. கொட்டிலில் நின்றவர்களும் படகில் நின்றவர்களும் ஓடி வந்து எடுத்தார்கள், விஷயம் கேட்டதும் வெளியே ஓடினார்கள். பட்டியலில் கடைசி எய்லிஃப் வீடு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது அவன் பால் கறக்கும் நேரம்.

“எடுடா பாவி, எடுடா…”

இருபதாவது மணியோடு இணைப்பு செத்தது. டோர்டிஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, சரிவுக்கு அப்பால் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான்தான். பாறைக்குப் பின்னாடி கொட்டில் அப்படியே நிக்குது. மாடுங்களும் நல்லாருக்கு. வெளிய வந்து பாத்தா வீட்டக் காணோம்க்கா… சமையலறை இருந்த இடமே தெரியல.”

கொட்டிலில் அந்த மணி இருந்திருந்தால் அவன் பால் வாளியை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடியிருப்பான், போனை எடுத்திருப்பான். அந்த இருபது மணியும் அவனை அங்கேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

“அக்கா? இருக்கியா?”