தடையின்றி உழும் பொருள்

திங்கட்கிழமை முட்டை. செவ்வாய் எலுமிச்சைச் சாதம். வியாழன் தக்காளிச் சாதம். என் அக்கா பத்தாம் வகுப்பு அறிவியலைப் படித்தது இந்த வரிசையில்தான்.

முட்டை நாளில் ஒரு பாடத்தைப் புதிதாகத் தொடுவாள். மறுநாள் எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டே அதைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பாள். வியாழக்கிழமை இன்னொரு முறை. அடுத்த முட்டை நாளில், புதுப் பாடத்தைத் திறக்கும் முன் பழையதை மறுபடியும். இப்படி இடைவெளி விட்டு விட்டுத் திரும்பிப் போனால்தான் படித்தது தங்கும் என்று, சேலத்து அச்சகத்தில் நான் பிழைதிருத்துகிற நோட்ஸ் புத்தகங்களின் முன்னுரையில் எல்லாம் போட்டிருக்கும். அக்கா அந்த முன்னுரை ஒன்றையும் படித்தவளில்லை. விடுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்து அவளாகக் கண்டுபிடித்த வழி அது.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளி ஒன்றில் அவள் சமையல் வேலை பார்க்கிறாள். சோற்றுக் குண்டாவை இறக்கி இறக்கி வலது தோள் போய்விட்டது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்ன அதே மாதம், விடுதி மேலாளர் ஒரு வார்த்தை சொன்னார்: "பத்தாவது பாஸ் சர்டிபிகேட் மட்டும் இருந்தா வர்ற வருஷம் உங்களையே பொண்ணுங்க ஹாஸ்டல் வார்டனா போட்டுறலாங்க." வார்டனுக்கு ஒரு நாற்காலி உண்டு. தலைக்குமேல் ஒரு மின்விசிறி உண்டு. தூக்க வேண்டியது வருகைப் பதிவேடு மட்டும்.

அக்காவுக்கு அறிவியல் ஒன்றுதான் பாக்கி. பதினாறு வயதில் அதில் தவறியவள், அந்தக் கோடையிலேயே தறிப்பட்டறைக்குப் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து அதே பரீட்சையை நான் எழுதினேன். என் பரீட்சைக் கட்டணம் எந்தக் கூலியிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்டதில்லை.

நாற்பத்தெட்டு வயதில் தனித்தேர்வராக விண்ணப்பித்தாள். அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டால், பந்தி என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும்போதும் துண்டுச் சீட்டும் கையுமாகத்தான் இருப்பார்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. தட்டோடு சேர்ந்து வந்துவிடும் சீட்டுகளை அக்கா கழுவி, அரிசிச் சாக்கின் மேல் காயவைத்து, மஞ்சள் டப்பாவில் ஒன்று, கடுகு டப்பாவில் ஒன்று என்று ஒட்டிவைத்தாள். சாம்பார்க் கறையோடு நியூட்டன் விதிகள். கடுகை எடுக்க வேண்டுமானால் முதலில் விடையைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் மூடியைத் திறக்கலாம். சொல்லவில்லை என்றால்? "கொழம்பு தாளிக்காமயே போவுது," என்பாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஜென்மம் நான். ஆனாலும் அந்தக் குளிர்கால ஞாயிறுகளில் அவள் வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு, மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். புத்தகம் என் மடியில் மூடிக் கிடக்கும். அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள்.

"லிப்ட்டு நேரா கீழ உழுதுன்னு வெச்சுக்க சாமி. கயிறு அந்துபோச்சு. புடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அப்ப உள்ளார நிக்கறவனுக்கு கனமே இருக்காதாம்."

"எவ்வளவுக்கா இருக்கும்?"

"சைபரு. உழுவறப்ப மட்டும் சைபரு." கீரைக் காம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "என்ற குண்டாவையும் அந்த லிப்ட்டுல ஏத்தியுடோணும்."

எனக்குத் தெரிந்து யாரும் அந்தப் பாடத்தை அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. படித்ததை இன்னொருவருக்கு நம் வாயால் விளக்குவதுதான் படிக்கும் வழிகளில் தலைசிறந்தது. அதை அவள் வாயிலிருந்து கேட்க எனக்கு வாய்த்திருந்தது. நான்தான் கெடுத்தேன்.

தை மாதத்து ஞாயிறு ஒன்று. "சொன்னது போதும், எழுதிக் காட்டு," என்றேன். அரைமணி நேரம் குனிந்து எழுதிக் கொடுத்தாள். விடை முழுக்கச் சரி. ஆனால் வாக்கியம் இப்படித் தொடங்கியது: தடையின்றி உழும் பொருளின் எடை சுழி ஆகும்.

எங்கள் பக்கத்தில் வீடு ஊடு; விட்டது உட்டது; விழுந்தது உழுந்தது. வாயால் படித்தவள் கையிலும் அதுவே இறங்கிவிட்டது. தொழில் புத்தி. என் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனா தானாக வெளியே வந்து 'உழும்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டது. அதோடு விட்டிருக்கலாம். அந்நேரம் பார்த்து அவளோடு சமையலில் இருக்கும் பெண் ஒருத்தி தயிர் வாங்க வந்து நின்றாள். ஆள் கிடைத்தால் எனக்கு நாக்கு நிற்காது.

"தடையின்றி உழும் பொருளாம்! ஏக்கா, மாடு பூட்டியா, டிராக்டர்லயா?"

தயிர் வாங்க வந்தவள் சிரித்த சிரிப்பில் கிண்ணம் ஆடியது. அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் முட்டை உரிக்கும் இடத்திலேயே தொடங்கிவிட்டதாம். "என்னக்கா, இன்னிக்கு எத்தன ஏக்கரா உழுதீங்க?" "நம்ம ஊட்டுக் காடும் சும்மாதானுங்க்கா கெடக்குது, வந்து ஒரு சால் ஓட்டிட்டுப் போங்க." கெட்ட எண்ணத்தோடு சொன்னவர்கள் இல்லை, அடுப்படியில் நின்று வேகிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். ஆனால் அந்த வாரமே டப்பாக்களிலிருந்த சீட்டுகளை அக்கா கிழித்துவிட்டாள். தாளிக்கும்போது வாய் அசையவில்லை.

அடுத்த ஞாயிறு நான் போனபோது, "புஸ்தகத்த எடுக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாஞ் சாமி. நானே மனசுக்குள்ள படிச்சுக்கறேன். நீ டீ குடி."

மனதுக்குள் படிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கோடு போட்டுக்கொண்டே கண்ணை ஓட்டுவது. தெரிந்த மாதிரி இருக்கும். மூடினால் ஒன்றும் இருக்காது. அதைத்தான் செய்யாதீர்கள் என்று எத்தனை முன்னுரைகளில் ஒற்றுப்பிழை பார்த்துத் திருத்தியிருப்பேன்! ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் போதும். டீயைக் குடித்தேன். அதற்கடுத்த ஞாயிறு வாழப்பாடியில் ஒரு கல்யாணம் இருந்தது. அதற்கடுத்ததற்கும் ஏதோ ஒன்று இருந்தது.

பரீட்சையன்று மட்டும் போனேன். பள்ளி வாசலில் சர்பத் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் வயதுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடிவர, கடைசியில் அவள் வந்தாள்.

"எப்படிக்கா?"

"தெரிஞ்சதுதான் எல்லாமே. லிப்ட்டு கேள்வியுங்கூட வந்துச்சு."

"எழுதிட்டியா?"

சர்பத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "விழும்னு போட்டேன். செரியான்னு தெரியாம உழும்னு போட்டேன். அப்பறம் அதையும் அடிச்சேன். பொறவு எதப் பாத்தாலும் சந்தேகமாப் போச்சு சாமி. உராய்வுன்னு எழுதிப் போட்டுப் பாக்கறேன், நம்ம பேச்சாட்டவே இருக்குது. அதுக்கும் 'வி' தான் போடோணுமோ என்னமோன்னு விராய்வுன்னு மாத்துனேன். உயரம்னு இருந்ததையும் அடிச்சுப் போட்டு வியரம்னு எழுதுனேன். எழுதறதும் அடிக்கறதுமா… மணி அடிச்சுப் போட்டாங்க. கடைசி ரெண்டு பெரிய கேள்வி தொடவேயில்ல."

பனிக்கட்டி கரைந்து சர்பத் தண்ணீராகிவிட்டது. குடிக்காமல் கீழே ஊற்றினாள்.

மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.

முடிவு வந்த பிறகு ஒருநாள் அச்சகத்துக்கு, தன் நோட்ஸ் புத்தகத்தின் அச்சுப்படியைப் பார்க்க ஓர் அறிவியல் ஆசிரியர் வந்தார். பல வருடங்களாகப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவர். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல அவரிடம் கேட்டேன். "விழும் என்பதற்கு உழும் என்று எழுதினால் எத்தனை மதிப்பெண் போகுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் யாருங்க கொறைப்பாங்க? எந்தச் சீமைப் பேப்பரு வந்தாலும் அந்தச் சீமைப் பேச்சு வரத்தானுங்க செய்யும். வெடை செரியா இருந்தா டிக்கு அடிச்சுப்போட்டுப் போயிட்டே இருப்போம். நம்முளுது அறிவியலுங்க, தமிழ்ப் பரீட்சையா?"

அன்று மாலை வரை என் கையில் ஒரு வரியும் திருந்தவில்லை.

வார்டன் வேலைக்கு இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். நல்ல பெண். அக்காவைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாளாம். அக்கா இன்னும் குண்டாதான் இறக்குகிறாள், இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு.

சென்ற ஞாயிறு போயிருந்தேன். ஆசிரியர் சொன்னதைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பாதி சொல்லும்போதே தோன்றியது. அவள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மத்து ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. "அப்படியா," என்றாள்.

"துணைத்தேர்வு இருக்குக்கா. நான் வாராவாரம் வந்தர்றேன். முன்னமாட்ட நீ வாயில சொல்லு, நான் கேக்கறேன். தப்பு என்ற மேலதான்."

"பாக்கலாம்."

மோர்ச் சொம்பை என்னிடம் நீட்டும்போது அவள் மடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு நழுவியது. அப்படியானால் இன்னும் பொறுக்குகிறாள்.

"படிக்கறியாக்கா?"

"இல்ல. அந்தந்தப் புள்ளைகிட்ட திருப்பிக் குடுக்கறதுக்கு. அதுங்க தேடுமல்லோ." தோள் வலியில் குனியாமல் கையைக் காட்டினாள். "கீழ உழு…" என்று தொடங்கி நிறுத்தினாள். "விழுந்துருச்சு. எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன்.

பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். முப்பது வருடமாக அங்கே நின்று அவள் சொல்வது ஒரே வாக்கியம்: ஊட்டுக்குப் போயி போன் பண்ணு சாமி. வண்டி வந்தது. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். மேற்பல்லைக் கீழுதட்டில் பதித்து, ஒரு நொடி யோசித்து, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல நிறுத்திச் சொன்னாள்:

"வீட்டுக்குப் போய் போன் பண்ணு."

பிழை ஒன்றும் இல்லை.