இருபத்தஞ்சு சென்ட் முற்றம்

போன மாசம் ஒரு வாரம் முழுக்க என்னால் டீ டம்ளரை நேராகப் பிடிக்க முடியவில்லை. கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. டம்ளர் வாய்க்கு வந்து சேர்வதற்குள் பாதி டீ சட்டைக்குப் போய்விடும்.

'என்ன சார், சுகர் உண்டா?' என்று விசாரித்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். 'புல்லு வெட்டினேன்.'

ஒருத்தரும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? புதுக்கடையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில், ஒரு இடவழிக்குள் இருக்கிறது என் வீடு. மொத்தமே நாலரை சென்ட். அதில் வீடு போக, கிணறு போக, விறகுப்புரை போக, முற்றம் என்று மிஞ்சுவது ஒன்றரை சென்ட். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு அது போதும். புல்லுக்கும் போதும் போலிருக்கிறது. நம் மாவட்டத்தில் மழை வருஷத்துக்கு இரண்டு சீசன்... புல்லும் இரண்டு போகம்.

வெட்ட ஆள் கூப்பிட்டால் சிரிக்கிறார்கள். 'ஒன்றரை சென்டுக்கா சார் வரச்சொல்லுதிய?' என்று கேட்டுவிட்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

'ஒரு மிஷின் வாங்கினா என்னவாக்கும்? இந்தப் புல்லுக்குள்ள போன கோழிய மூணு வாரமாக் காணல்ல' என்றாள் என் மனைவி சுகந்தி. கோழி நாலாம் வாரம் வந்தது. தனியாக வரவில்லை, ஆறு குஞ்சுகளோடு வந்தது. அவ்வளவு பத்திரமான காடு.

சரி, மிஷின் வாங்குவது என்று முடிவானது. சும்மா போய் வாங்கிவிட முடியுமா? பத்துப் பேரிடம் விசாரித்தேன். நைலான் நரம்பு விர்ரென்று சுற்றிப் புல்லை அடித்து வெட்டுமே, அந்த டிரிம்மரில் மூன்று வகை இருக்கிறதாம். பேட்டரியில் ஓடுவது — சத்தம் குறைவு, ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிவிடும். பேட்டரி போனால் கூடவே நம் உயிரும் போகும், விலை அப்படி. பெட்ரோலில் ஓடுவது — எஸ்டேட்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள்; நம் ஊரில் அதற்குப் பேரே காடுவெட்டி. மூன்றாவது, கரண்டில் ஓடுகிற சின்ன மிஷின். மலிவு. ஒரு கையில் தூக்கலாம். பிளக்கைச் சொருகினால் தீர்ந்தது. வயர் எட்டுமா என்பதுதான் ஒரே கேள்வி. எனக்கா எட்டாது? என் முற்றத்தின் எந்த மூலையில் நின்றாலும் அடுக்களை பிளக் பாயிண்ட் கண்ணுக்குத் தெரியும்!

ஆக, கரண்ட் மிஷின். பேப்பரில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் புதுக்கடைக்குப் போனேன்.

மோட்டார், ஸ்பிரேயர், ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் எல்லாம் விற்கிற கடை அது. கடைக்காரர் ஜெயசிங், எங்கள் சர்ச் சபையின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தால் கை கொடுப்போம். வீடு வரைக்கும் பழக்கமில்லை. எனக்கு முன்னால் ஒரு கல்ஃப்காரர் கூலிங் கிளாஸோடு நின்றிருந்தார்.

'எத்தனை சென்ட்?' என்று அவரிடம் கேட்டார் ஜெயசிங்.

'ஒண்ணே முக்கால் ஏக்கர்' என்றார் அந்த ஆள். இவ்வளவுதான் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு குரலில்.

அடுத்து என் முறை. 'சாருக்கு எத்தனை சென்ட்?'

நம் ஊரில் ஒருத்தரிடம் வயசைக் கேட்கலாம். பென்ஷன் எவ்வளவு என்று கேட்கலாம். மகனுக்கு ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றுகூடக் கேட்கலாம், கேட்கிறார்கள். 'எத்தனை சென்ட்?' என்பதற்கு மட்டும் உள்ளதைச் சொல்ல எவனுக்கும் வாய் வராது. நான் 'ஒன்றரை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக! அந்த நேரம் பார்த்து கல்ஃப்காரர் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

'ஒரு இருபத்தஞ்சு வரும்' என்றேன்.

சொன்னது யார்? இருபது வருஷமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, 'பொய் சொல்லக் கூடாது' என்று பாட்டோடு சொல்லிக்கொடுக்கிற நான்.

'இருபத்தஞ்சுக்குக் கரண்ட் மிஷின் சரிப்படாது சார். பாதி முற்றத்துல வயர் தீந்துபோவும். காடுவெட்டிதான் எடுக்கணும்.' ஜெயசிங் உள்ளேயிருந்து ஒரு ராட்சசனை இறக்கினார். எப்படி மறுப்பது? மறுத்தால் சென்ட் குறையுமே! பெல்ட், கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ், ஒரு பெரிய ரீல் நரம்பு... எல்லாம் என் தலையில் ஏறியது. சட்டைப்பைப் பேப்பர் சட்டைப்பையிலேயே இருந்தது.

பில் எழுதும்போது ஜெயசிங் முகம் திடீரென்று மலர்ந்தது.

'சார், கோயில் வளப்புல, காம்பவுண்டு முழுக்கக் கட்டட வேலையாக்கும். எல்லாம் மணலும் ஜல்லியுமாக் கெடக்கு. இந்த வருஷ அசனத்துக்கு எடம் தேடி நான் நாயா அலையுதேன். உங்களுக்கு இருபத்தஞ்சு சென்ட் முற்றம் உண்டே. அங்க வச்சிருவோமா?'

அசனம் என்றால் சபையார் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. குறைந்தது முந்நூறு இலை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: 'அதுக்கென்ன, தாராளமா வைக்கலாம்.'

வாய்க்கு ஒரு பூட்டு விற்கிற கடை இருந்தால் சொல்லுங்கள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் அறிவிப்பு வந்தது. 'அடுத்த ஞாயிறு அசனம், சாருடைய விசாலமான முற்றத்தில்...' பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தலை மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. சுகந்தி.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று கேட்டாள்: 'உள்ளதச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம வேற எங்கயும் இருபத்தஞ்சு சென்ட் வாங்கிப் போட்டிருக்கியளா? அங்க வேற யாரும் இருக்காளா?'

'ஐயோ, இல்ல பிள்ளே!' என்று கடை விஷயத்தைச் சொன்னேன். வேறொரு குடும்பம் இருந்திருந்தாலாவது மன்னித்திருப்பாள் என்று தோன்றியது.

'திங்கக்கிழமையே போய் உண்மையச் சொல்லுங்க' என்றாள். அறிவிப்புக்கு அப்புறமா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முகத்தில் நான் எப்படி முழிப்பது? 'சார், நீங்கதானே பொய் சொல்லக் கூடாதுண்ணு...' என்று அந்த நாலாம் கிளாஸ் வாயாடிப் பெண் கேட்பாளே! என் முற்றத்தில் இறங்கி அளந்தேன். கிணற்றைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தால், யாரும் முழங்காலை அசைக்காமல் இருந்தால், பதினெட்டு இலை. முந்நூறு பேருக்குப் பதினேழு பந்தி. கடைசிப் பந்தி கை கழுவும்போது முதல் பந்திக்கு மறுபடி பசித்துவிடும்.

அப்போதுதான் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக் கில்பர்ட் ஓமனில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக் குடும்பம், கத்தோலிக்கர். அதனால் எங்கள் கோயில் அறிவிப்பு அவர் காதுக்கு எட்டவில்லை. மாடி வீடு. அதன் முன்னால் இருபத்திரண்டு சென்ட். ரப்பர் விலை விழுந்தபோது பழைய மரத்தையெல்லாம் முறித்துக் கொடுத்துவிட்டு, திரும்ப நடாமல் போட்டிருந்தார். இடுப்பளவு காடு. இருபத்திரண்டும் என் ஒன்றரையும் சேர்ந்தால் இருபத்திமூன்றரை. பொய்யில் முக்கால்வாசிக்கு மேல் தேறிவிடும்!

ஒரே சிக்கல். எனக்கும் கில்பர்ட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அவர் மரத்துச் சக்கை, அதாவது பலாப்பழம், பழுத்து என் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. சீட் உள்ளே போய்விட்டது. அங்கே ஸ்கூட்டரை நிறுத்தியது தப்பு என்றார் அவர். அங்கே மரத்தை வைத்தது தப்பு என்றேன் நான். அன்றிலிருந்து அவசர விஷயம் எதுவானாலும் அவருடைய நாய் டைகர் மூலமாகத்தான்.

வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கில்பர்ட் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டைகர் காலடியில் படுத்திருந்தது.

'டைகர், உங்க முதலாளி இருக்காரா?'

பேப்பர் இறங்கவில்லை. 'இருக்காருண்ணு சொல்லு, டைகர்.'

'அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இந்த எடம் வேணும் டைகர். காட்டை நானே வெட்டித் தாறேன்.'

'எதுக்காக்கும்ணு கேளு.'

சொன்னேன். கல்ஃப்காரர், கூலிங் கிளாஸ், இருபத்தஞ்சு, முந்நூறு இலை... ஒன்றையும் மறைக்கவில்லை. நாயிடம் உண்மை பேசுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பேப்பர் குலுங்க ஆரம்பித்தது. கோபமோ என்று பயந்தேன். பேப்பருக்குப் பின்னால் மனுஷன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

'தரலாம்ணு சொல்லு டைகர். ஆனா அண்ணைக்குச் சக்கை விழுந்ததுல தப்பு யாருமேல? மொதல்ல அதச் சொல்லட்டு.'

நாலு வருஷ மானம். ஞாயிறு பள்ளியை நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

'தப்பு... ஸ்கூட்டர் மேலதான், டைகர்.'

டைகர் வாலை ஆட்டியது. சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பெல்ட், கண்ணாடி, பூட்ஸ் சகிதம் இறங்கினேன். ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை முப்பது தடவை இழுத்தேன். முப்பத்தொன்றாவது தடவை மிஷின் என்னை இழுத்தது. அதற்குப் பிறகு யார் யாரை ஓட்டினார்கள் என்று சொல்ல முடியாது. கல் பறந்தது, சேறு பறந்தது, ஒரு செருப்பு இரண்டாகப் பறந்தது. என்னுடையதுதான், போன மழையில் காணாமல் போயிருந்தது. காட்டுக்குள்ளிருந்து சுகந்தியின் இட்லித்தட்டும் கிடைத்தது. அது எப்படி அங்கே போனது என்று நானும் டைகரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெட்டிய ரப்பர் மரங்களின் குற்றிகளில் பட்டுப் பட்டு நரம்பு அறுந்துகொண்டே இருந்தது. மெல்ல மெல்ல என் வாழ்க்கையில் ஒரு புதுப் பிரச்சினையும் முளைத்தது. காட்டை வெட்ட வெட்ட, உள்ளே குடியிருந்ததெல்லாம் எங்கே போகும்? ஒரு சாரைப்பாம்பு வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக வேலியைத் தாண்டி என் முற்றத்துப் புல்லுக்குள் போனது. பின்னாலேயே ஒரு கீரி. அப்புறம் தவளைகள், குடும்பம் குடும்பமாக.

சனிக்கிழமை சாயங்காலம் இருபத்திரண்டு சென்டும் மொட்டை. அதே நிமிஷம் ரீலில் நரம்பும் தீர்ந்தது, என் கையில் தெம்பும் தீர்ந்தது. என் ஒன்றரை சென்ட்? யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு. பந்தல், பெஞ்ச், அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறி, ரசம். கில்பர்ட் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கேட்டில் நின்று, 'வாங்க, வாங்க' என்று பெண் வீட்டாரைப் போல வரவேற்றார். ஜெயசிங் மாடி வீட்டை அண்ணாந்து பார்த்தார். 'வீடும் கொள்ளாமே, நல்லா இருக்கே சார்!'

'ம்' என்றேன். 'ம்' பொய்யில் சேருமா?

எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசிப் பந்தி. நானும் கில்பர்ட்டும் சேர்ந்தே பரிமாறிக்கொண்டிருந்தோம். ஏப்பம் விட்டபடி உலாத்திய ஜெயசிங் செம்பருத்தி வேலிப் பக்கம் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு புல். அதற்குள்ளிருந்து தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

'இங்கோட்டு வாங்க சார். இவ்வளவு எடத்தையும் கண்ணாடி மாதிரி வச்சிருக்கிய. பக்கத்துக்காரன் எவனாக்கும் இப்பிடி ஒரு மடியன்? ஒரு சின்னக் கரண்ட் மிஷின் வாங்கினா அஞ்சு நிமிஷத்துல தீந்துது. அனுப்பி வையுங்க, நான் வெல கொறச்சுத் தாறேன்.'

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பந்தியில்தான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். கில்பர்ட் கறிவாளியைக் கீழே வைத்துவிட்டு, நாலு வருஷத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

'நானும் சொல்லிப் பாத்தேன் சார். கேக்கமாட்டேங்காரு' என்றார்.

அப்போது அந்தப் புல் விலகியது. ரசவாளியோடு சுகந்தி வெளியே வந்தாள். சேலையில் புல் ஒட்டியிருந்தது. ரசம் எங்கள் அடுக்களையில்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

'நீங்க தேடுத மடியன் இந்நா நிக்காரு சார்' என்று என்னைக் காட்டிவிட்டு, பந்திக்குப் போய்விட்டாள்.

ஜெயசிங் என்னைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். மாடி வீட்டைப் பார்த்தார். 'பின்னே, இருபத்தஞ்சு?'

'ஒன்றரை' என்றேன். கடையில் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. பதினோரு நாள் தாமதமாக வந்தது. நாலாம் கிளாஸ் வாயாடி பாயச டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, 'சார் பொய் சொல்லிட்டேன் பிள்ளே' என்றேன். அழுகை வந்தது. அவள் டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டு, 'சாரமில்ல சார், பரவால்ல. பாயசம் நல்லா இருக்கு' என்றாள்.

ஜெயசிங் சிரித்த சிரிப்பு புதுக்கடை ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

காடுவெட்டியை அதற்கப்புறம் கில்பர்ட்தான் ஓட்டுகிறார். அவருக்குத்தானே இடம் இருக்கிறது! என் ஒன்றரை சென்டையும் அவரே வெட்டித்தருகிறார். நாலு நிமிஷம் ஆகிறது. பாம்பும் கீரியும் எங்கே போயின என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. வாசகர்களுக்கு மிஷின் விஷயத்தில் என்னால் தர முடிந்த ஆலோசனை ஒன்றுதான். கடையில் 'எத்தனை சென்ட்?' என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், பக்கத்தில் எத்தனை ஏக்கர்காரர் நின்றாலும்.

அடுத்த வருஷ அசனமும் அதே முற்றத்தில்தான் — டைகரிடம் கேட்டாயிற்று.