மைனஸ் ஐந்து என்று எழுதியிருந்த பை: காசிமேட்டு ஐஸ் அறையில் அரை மணி நேரம்

மே மாதத்துச் சென்னையில் ஒரு ஸ்லீப்பிங் பேக்கை, அதாவது குளிருக்கு உள்ளே நுழைந்து படுக்கும் பையை, சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ் அறைக்குத்தான் போக வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் பள்ளிக்கூடத் தோழன் அன்வரும் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனோம். ‘ஆறாயிரம், ஏழாயிரத்தில் கிடைக்கும் தூவிப் பை வாங்கலாமா?’ என்று வாரத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதுகிறீர்கள். தூவி என்றால் வாத்து இறகுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பஞ்சு மாதிரியான முடி. பதில் கீழே இருக்கிறது. ஆனால் நான் நல்ல கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் ஆறு நாள் மலையேற்றம் போனோம். இரண்டு பேருக்கும் ஒரே மாடல் பை, ஒரே தள்ளுபடியில், ஒரே நாளில் இணையத்தில் வாங்கியது. விலை 6,499 ரூபாய். மொத்த எடை 1,200 கிராம், அதில் தூவி 600 கிராம், மைனஸ் 5 வரை தாங்கும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். வாங்கலாம் என்று சொன்னவன் நான். மூன்றாம் நாள் இரவு 3,400 மீட்டர் உயரத்தில் கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது, கால் மரத்துப்போகிறது என்றான் அன்வர். “சாக்ஸ் ஈரமா இருக்கும், மாத்திக்கினு படு” என்றேன். காய்ந்துதான் இருக்கிறது என்றான். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

காலையில் அவனுடைய இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. கோவேறு கழுதை மேல் உட்கார வைத்து அவனைக் கீழே அனுப்பினோம். நான் குழுவோடு மேலே போய் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? ஊர் திரும்பியதும் இதே தளத்தில் எழுதினேன். ‘நண்பர் ஒருவர் ஈரச் சாக்ஸோடு படுத்து விரல்களைக் கெடுத்துக்கொண்டார், நீங்களாவது கவனமாக இருங்கள்’ என்று. பெயர் போடவில்லை. போடவே வேண்டாம், என்னோடு மலைக்கு வரும் நண்பன் யார் என்று தண்டையார்பேட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். அன்வரின் மனைவி ஷமீம் அதைப் படித்துவிட்டு, கவனமில்லாத மனுஷன் இனிமேல் மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஜூன் முதல் வாரம் அடுத்த பயணம். வருஷம் முழுக்கப் பிளம்பிங் சாமான் கடையில் நிற்கும் அன்வருக்கு மலைக்குப் போகிற அந்த ஆறு நாள்தான் விடுதலை. ஐந்து மாதமாக இதைப் பற்றிப் பேச்செடுக்காதவன் போன வாரம் என்னிடம் வந்தான். “ரெண்டு பையையும் ஒரே குளிர்ல வெச்சிப் பாத்துடலாம் மாமு. என் தப்புன்னா ஒத்துக்கினு வூட்லயே குந்திக்கிறேன்.”

அவன் தப்புதான் என்று நிரூபித்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் நான் கிளம்பினேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

காலை 7.20-க்குத் திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ. தண்டையார்பேட்டைக்கு இருபது ரூபாய், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நிலைய வாசலில் அன்வர் பையோடு நின்றான். காசிமேட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோ 120 கேட்டார், 90-க்குப் படிந்தது. வண்டி நகர்ந்ததும் ஓட்டுநர் கண்ணாடியில் எங்கள் மடியைப் பார்த்தார்.

“இன்னா நைனா, மே மாசத்துல ரஜாய் எடுத்துகினு போறீங்கோ? வூட்ல துரத்தி வுட்டுட்டாங்களா?”

“ஐஸ் ரூம்ல படுக்கப் போறோம்ணா” என்றான் அன்வர்.

அவர் ஒரு சிக்னல் தூரம் யோசித்தார். “ஒரு நாளைக்கு எவ்ளோ கேக்கறான்?”

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடந்தன. ஐஸ் அறையும் பாதி காலி. அதனால்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே மேற்பார்வை பார்க்கும் டேவிட் அண்ணன் எனக்கு வேலை மூலமாகப் பழக்கம். நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் இருக்கிறேன். அவர் பழைய படகு எஞ்சின்களை அங்கே எடைக்குக் கொண்டுவருவார். தனியார் இடம் அது, நீங்கள் போய்க் கேட்டால் விடமாட்டார்கள். தயவுசெய்து போய் நிற்காதீர்கள்.

8.15-க்கு உள்ளே நுழையப் போன எங்களை அவர் கையை நீட்டி மறித்தார்.

“இன்னா அவசரம்? உள்ள எது போனாலும் தராசு ஏறிட்டுதான் போவணும். வெளிய வரும்போதும் ஏறணும். இங்க அதான் சட்டம்.”

“இது மீன் இல்லண்ணா, பை” என்றேன்.

“மனுசனத் தவிர எல்லாம் ஏறும். வை.”

என் பையை வைத்தேன். 1.185 கிலோ. அன்வர் தன்னுடையதை வைத்தான். 0.920.

டேவிட் அண்ணன் தராசைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே 0.920. உறையைக் கழற்றி வைத்தார், இரண்டு உறையும் ஒரே எடை. “ரெண்டும் ஒரே மாலுன்னு சொன்ன? எறா மேல ஐஸைப் பூசி எடை ஏத்துறவனைப் பாத்துகீறேன். இவன் எடையையே எடுத்துட்டு வித்துகீறான்பா.”

எனக்கு முகம் சுட்டது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நான் பார்க்கிற வேலை என்ன? லோடு வண்டிக்கு எடை போடும்போது கேபினில் உட்கார்ந்திருந்த டிரைவர், காலி வண்டிக்குப் போடும்போது மெதுவாக இறங்கி நின்றால் கண்டுபிடிக்கிறேன். தண்ணீர் அடித்து நனைத்த இரும்பைக் கண்டுபிடிக்கிறேன். இருபது டன் வண்டியில் ஒரு ஆள் எடை குறைந்தால் கூப்பிட்டுக் கேட்கிற நான், ஒன்றேகால் கிலோ பையை ஒரு முறைகூடத் தராசில் வைக்கவில்லை. அட்டையில் போட்டிருந்ததை அப்படியே நம்பினேன். மலையில் அன்வர், “என் பை லேசா கீது மாமு, உன்னுது கனக்குது” என்று பெருமையாகச் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுந்தவன் கதைதான்.

அறைக்குள் மைனஸ் 4. வெளியே அந்த நேரத்துக்கே 34. மீன் கூடைகளைக் கவிழ்த்து, மேலே தெர்மாகோல் போட்டு, அதன் மேல் மலைக்குக் கொண்டுபோன அதே பாய்களை விரித்தோம். அன்வர் என் பையில், நான் அவன் பையில். இரண்டு பேரும் அன்று காலை பிரித்த புதுச் சாக்ஸ் போட்டிருந்தோம். மீனுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கழுவி ஆளுக்கொன்று கால் பக்கம் வைத்தார் டேவிட் அண்ணன். அரை மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்று சொல்லி, கதவுக்கு வெளியே ஒரு ஆளையும் நிறுத்தினார்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுப் பக்கம் நன்றாகவே கதகதப்பாக இருந்தது. பார்த்தாயா, பையில் குறை இல்லை என்றுகூட நினைத்தேன். பிறகு பாதத்தில் ஆரம்பித்தது. ஈரத் தரையில் நிற்பது போலத் தொடங்கி, இருபதாவது நிமிடம் சுண்டு விரல் இருக்கிறதா என்று மற்ற காலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நான் நெளிவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்து அன்வர் குரல் கொடுத்தான்.

“இன்னா மாமு, சாக்ஸ் ஈரமா கீதா?”

இருபத்தைந்தாவது நிமிடம் எழுந்துவிட்டேன். தெர்மாமீட்டரில், அன்வர் படுத்திருந்த என் பையின் கால் பகுதி 23, நான் படுத்திருந்த அவன் பையில் 9.

வெளியே வந்து வெயிலுக்கு நேராகப் பைகளைப் பிடித்தோம். என் பை முழுக்க இருட்டாக இருந்தது. அன்வர் பையின் கால் பக்கத்தில், தூவி அடைக்கத் தைத்திருந்த ஐந்து அறைகளில் வெளிச்சம் அப்படியே தாண்டி வந்தது, துணிக்குப் பின்னால் என் விரல்களை எண்ண முடிந்தது. டேவிட் அண்ணன் பெட்டி அறுக்கும் கத்தியால் ஓர் அறையைக் கிழித்தார். உள்ளங்கையில் கொட்டினால் ஒரு சிட்டிகைத் தூவி, நாலைந்து முறிந்த இறகுத் தண்டு. அவ்வளவுதான். தையலில் எங்கும் பிரிந்த தடம் இல்லை, வரும்போதே காலியாகத்தான் வந்திருக்கிறது. அந்தக் காலி அறைக்குள்தான் அவன் ஓர் இரவு முழுக்கக் கால் நீட்டிக் கிடந்திருக்கிறான். நான் ஒரு முழம் தள்ளி நிறைந்த பையில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்த இரண்டு விரல்களிலும் இன்றைக்கும் அவனுக்கு உணர்ச்சி பாதிதான்.

விற்றவர்களுக்கு அங்கேயே நின்று எழுதினேன். திரும்பப் பெறும் காலம் பத்து நாள், அது முடிந்துவிட்டது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. யாருக்குப் பொறுமை? அதே பக்கத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள். ‘பார்சல் சீக்கிரம் வந்தது.’ ‘நிறம் அழகு.’ பத்து பேரில் ஒருவர்கூட அதை மலைக்குக் கொண்டுபோகவில்லை. அந்த வரிசையில் என்னுடையதும் இருக்கிறது. பிரித்த ஒரு மணி நேரத்தில், ஏசியைப் பதினெட்டில் வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டு, ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதிய கையை என்ன செய்வது?

நீங்கள் கேட்ட பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் தூவிப் பை ஒரு குலுக்கல் சீட்டு. ஒழுங்காக வந்தால் நல்ல பைதான், என்னுடையது இன்னும் தாங்குகிறது. ஒழுங்காக வந்ததா என்று பார்க்காமல் மலையேறாதீர்கள். பிரித்த அன்றே மளிகைக் கடைத் தராசில் வையுங்கள், அட்டையில் போட்ட எடைக்கு ஐம்பது கிராமுக்கு மேல் குறைந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். இருட்டில் கைப்பேசி விளக்கைப் பைக்குள் விட்டு ஒவ்வொரு அறையாகப் பாருங்கள், முக்கியமாகக் கால் பக்கம். மைனஸ் 5 என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், பைக்குள் தைத்திருக்கும் துணித் துண்டில் பொடி எழுத்தில் ‘உயிர் தாங்கும் எல்லை’ என்று இருக்கும். வசதியாகத் தூங்க அதைவிடப் பத்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தரம் போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், அடிவாரத்தில் இரவுக்கு 80 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைக்கிறது. எடுப்பதற்கு முன் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

அங்கிருந்து நேராக அன்வர் வீட்டுக்குப் போனோம். மணி பத்து. தெருவில் மெட்ரோ தண்ணீர் லாரி நின்றது. ஷமீம் குடத்தோடு வரிசையில் இருந்தார். வீட்டுக்குள் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன், அன்வர் கிழிந்த பையைத் தெருவிலேயே அவரிடம் நீட்டிவிட்டான். அவர் குடத்தை என் கையில் திணித்துவிட்டு, அறைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்டார்கள்.

“சாக்ஸ் காஞ்சிதான் இருந்துச்சுன்னு இவரு எத்தினி தபா சொன்னாரு தெரியுமாண்ணே? நான் நம்பல. எடை போடுற மனுசன் தப்பா எழுதுவாரான்னு உங்களத்தான் நம்புனேன்.”

“தப்புதான்மா. மன்னிச்சிடு.”

“என்கிட்ட இன்னாத்துக்கு? நீங்க எழுதுனதை எங்க மாமியார் படிச்சாங்கோ. வாணியம்பாடில என் தங்கச்சி படிச்சா. வூடு வூடாப் போய் மன்னிப்பு கேப்பீங்களா? எதுல எழுதுனீங்களோ அதுலயே எழுதுங்கோ. அப்ப பேரு போடல இல்ல? இப்பப் போடுங்கோ.”

“ஜூன்ல அன்வர் வரட்டுமாம்மா? என் பையைக் குடுத்துடறேன், நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்.”

“நீங்க எழுதுனத படிச்சிட்டுச் சொல்றேன்” என்று குடத்தை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்.

ஆகவே இந்தப் பதிவு உங்களுக்காக எழுதியது போலத் தெரிந்தாலும் ஷமீமுக்காக எழுதியது. போன டிசம்பர் பயணத்தைப் பற்றி எழுதும்போது நான் ‘நண்பர் ஒருவர்’ என்று குறிப்பிட்டவரின் பெயர் அன்வர். அவருடைய சாக்ஸ் காய்ந்துதான் இருந்தது. அதை அவர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். நான் எழுந்து பார்க்கவில்லை.